தார்செயின்

தார்செயின், ஒரு பிளாக்செயினில் உள்ள கிரிப்டோ நாணயத்தை இன்னொரு பிளாக்செயினின் நாணயமாக, எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் எதுவும் நடுவில் இல்லாமல் மாற்றித் தரும் வலையமைப்பு. 2018-இல் இதன் பணி தொடங்கியது. பல பிளாக்செயின்களை இணைத்த முதல் பதிப்பு 2021 ஏப்ரலிலும், மெயின்நெட் எனப்படும் முழுப் பதிப்பு 2022 ஜூனிலும் வந்தன.

பிட்காயின் வலையமைப்பால் எத்தேரியத்தில் நடப்பதைப் பார்க்க முடியாது. அதனால் இரண்டுக்கும் இடையே மாற்ற விரும்புபவர் நாணயத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அல்லது 'பிரிட்ஜ்' ஒன்றில் அதைப் பூட்டிவிட்டு, ஈடான டோக்கனைப் பெற வேண்டியிருந்தது. பிரிட்ஜ்களின் ஆபத்து சிறியதல்ல: 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜிலிருந்து மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் திருடப்பட்டது. தார்செயினில் கைக்கு வருவது ஈட்டு டோக்கன் அல்ல, அசல் நாணயமே.

இதன் அடிப்படை லிக்விடிட்டி பூல், அதாவது பலர் சேர்ந்து போட்டுவைத்த பொதுக் கையிருப்பு. ஒவ்வொரு பூலிலும் ஒரு பக்கம் ஏதேனும் ஒரு நாணயம், மறுபக்கம் அதே மதிப்புக்கு 'ரூன்' என்ற சொந்த டோக்கன். பிட்காயினை எத்தேரியத்தின் நாணயமான ஈதராக்கும்போது, பிட்காயின் பூலில் ரூனாகி, ஈதர் பூலில் ஈதராக வெளிவருகிறது. பத்து நாணயங்களை நேருக்கு நேர் இணைக்க 45 பூல்கள் வேண்டும். ரூன் நடுவில் இருப்பதால் பத்தே போதும். இந்த வடிவமைப்பின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இதுதான்.

விலை, பூலின் இரு பக்க இருப்புகளின் விகிதத்திலிருந்து வருகிறது. வெளிச்சந்தை விலையிலிருந்து அது விலகினால், லாபம் தேடும் வியாபாரிகள் வாங்கி விற்றுச் சரிசெய்துவிடுவார்கள். பூலின் அளவோடு ஒப்பிடும்போது கொண்டுவரும் தொகை பெரிதாகப் பெரிதாகக் கட்டணமும் ஏறும்: நூறு பிட்காயின் உள்ள பூலில் ஒன்றைப் போட்டால் சுமார் 1 சதவீதம், பத்தைப் போட்டால் சுமார் 9 சதவீதம். விலை நகர்வதால் வரும் இழப்பு தனி. பெரிய தொகையைத் துண்டு துண்டாக மாற்றும் வசதி 2023-இல் சேர்ந்தது.

இருப்பைக் காப்பவர்கள், நோட்களை, அதாவது வலையமைப்பை இயக்கும் கணினிகளை, நடத்துபவர்கள். இருப்பு உள்ள பெட்டகத்தின் சாவி முழுமையாக எவரிடமும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தே கையொப்பமிட முடியும். திருடினால் அவர்கள் பிணையாக வைத்த ரூன் பறிபோகும். பிணையும் ரூனிலேயே இருப்பதுதான் பலவீனம்: ரூன் விலை சரிந்தால் காவலும் மெலிகிறது. ரூனை நம்பி நடந்த கடன், சேமிப்புத் திட்டங்கள் 2025 ஜனவரியில் சுமார் 20 கோடி டாலர் பொறுப்புகளோடு நிறுத்தப்பட்டன. பணம் போட்டவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக டிசிஒய் என்ற புதிய டோக்கன் தரப்பட்டது.

2021 ஜூலையில் தார்செயின் மீது நடந்த இரு தாக்குதல்களில் சாவிகள் உடையவில்லை. எத்தேரியப் பரிவர்த்தனைகளைப் படிக்கும் நிரல், வராத பணத்தை வந்ததாக நம்பியது. பல மில்லியன் டாலர் போனது. வலையமைப்பு நிறுத்தப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டது.

2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருடப்பட்டது. செய்தது வட கொரியா என்றது அமெரிக்காவின் எஃப்பிஐ. அதில் பெரும்பகுதி தார்செயின் வழியாகவே பிட்காயினாக மாறியது. ஈதர் வர்த்தகத்தை நிறுத்த எடுக்கப்பட்ட முடிவு விரைவிலேயே திருப்பப்பட்டது. யாரையும் தடுக்காததே தங்கள் கொள்கை என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால் தன் இருப்பு திருடுபோனபோது நின்ற வலையமைப்பு, பிறர் பணம் வந்தபோது நிற்கவில்லை. அந்த வர்த்தகத்தின் கட்டணம் பூலில் பணம் போட்டவர்களுக்கும் நோட் நடத்துபவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.