மண்டகப்பட்டில் மறைந்த கைகள்

செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுப்பித்தவன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன். முன்னர் அருகநெறியில் நின்று, பின்னர்ச் சைவம் தழுவியவன் என்பது மரபு. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி நான்முகன், சிவன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் இதனைச் செய்வித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறும். செய்தான் என்றன்று, செய்வித்தான் என்றே வினை அமைந்துள்ளது. அப்பிறவினைக்குள்தான் சிற்பிகள் மறைந்து நிற்கின்றனர்.

உலோகம் இல்லை என்ற அவ்வெழுத்தையும் வெட்டியது இரும்பு உளியே! கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். அதனைக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்கித் தரக் கொல்லன் வேண்டும். உலைக்குக் கரி வேண்டும். துருத்திக்கு ஆள் வேண்டும். வெட்டிய கல்லை அள்ளிச் சுமக்கத் தோள்கள் வேண்டும். கல்வெட்டில் இவர்களுள் ஒருவர்க்கும் பெயரில்லை.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றிலும் இதுவே நிலை. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரையும், 30 நாள் நோற்ற இளையபடாரரையும் அங்குள்ள கல்வெட்டுகள் போற்றுகின்றன. 24 தீர்த்தங்கரர்களையும் அப்பாறையில் இரு வரிசையாக வடித்த கை எவருடையது? அந்த 57 நாளும் உடனிருந்து, நாள் தவறாமல் எண்ணி வைத்தவர் எவர்?