தீப்பெட்டி லேபிள் ஏலம், இணையவழி

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் தழைத்த அச்சுத்தொழில், தீப்பெட்டிகளுக்காகவும் பட்டாசுகளுக்காகவும் அச்சிட்ட வர்ண லேபிள்களை, உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்களுக்கு இணைய ஏலத்தில் விற்கும் வியாபாரம் இது. இத்தகைய இணைய ஏலத்தளமாக 1995-இல் அமெரிக்காவில் பிறந்த ஈபே, 2004-இல் பாசி.காம் என்ற இந்திய ஏலத்தளத்தை வாங்கி இந்தியாவில் காலூன்றியது; அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது.

புதிதாக விற்கப் புகுபவர், விற்போர் கேட்கும் விலையை நம்பாது, முடிவுற்ற ஏலங்களில் அத்தகைய லேபிள்கள் மெய்யாகவே என்ன விலைக்குப் போயின என்பதை ஆராய்ந்து, கிழிசல், பூச்சியரிப்பு, சாயமங்கல் ஆகிய குறைகளை ஒளிக்காது இருபுறமும் படமெடுத்து, தபால் செலவையும் தளத்தின் கமிஷனையும் கணக்கிட்ட பின்னரே ஆரம்ப விலையை நிர்ணயிப்பது உசிதம்; ஏனெனில் ஒருவரே கேட்பினும் அவ்விலைக்குக் கொடுத்தாக வேண்டும். தாழ்ந்த ஆரம்ப விலை பலரை ஈர்க்குமாயினும், அபூர்வமான லேபிளுக்கு அந்தத் துணிவு தகாது. பழைய லேபிளை வெட்டி அழகுபடுத்துவது பெரும்பிழை. அதன் ஓரங்களும் சரித்திரத்தின் அங்கமே.

தீக்குச்சியும் வெடிமருந்தும் தபாலில் அனுப்பத்தகாதவை. ஆகவே லேபிளோ காலிப்பெட்டியோ மட்டுமே விற்பனைக்குரியது. பட்டாசுகளை இணையவழி விற்பதை உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடைசெய்தது.