மாலுமி போட்ட கையெழுத்து!

பாரிஸ். ஸேன் நதிக்கரை. கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாகப் பச்சைநிறப் பெட்டிகள்... எல்லாம் பழைய புத்தகக் கடைகள்! அங்கே புரட்டிக்கொண்டிருக்கும் உங்கள் கையில் ஒரு படம் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுப்பேறிய தாள். பாய் விரித்த இரண்டு டச்சுக் கப்பல்கள், ஒரு படகு, மேலே கொஞ்சம் மேகம். அடி மூலையில் ஏதோ எழுத்து, அரைகுறையாக. "ரொம்பப் பழசு மொஸ்யு!" என்கிறார் கடைக்காரர். (எந்த ஊர்க் கடைக்காரர் 'புதுசு' என்று சொல்லியிருக்கிறார்?!) நிஜமாகவே பழசுதானா? வரைந்தது யார்? என்ன விலை தரலாம்?

முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். கோடெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரிந்தால் கதை முடிந்தது. பத்திரிகைப் படம் மாதிரி மெஷினில் அச்சானது அது!

நிஜ 'எட்சிங்' வேறு சமாசாரம். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் வரைவார் ஓவியர். தகட்டை அமிலத்தில் போட்டால், ஊசி கீறிய இடத்தை மட்டும் அது அரித்துத் தின்னும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தினால், படம் ரெடி! விரலால் மெள்ளத் தடவினால் மைக்கோடு லேசாகப் புடைத்திருக்கும். தகட்டின் விளிம்பும் நான்கு பக்கமும் தடமாகப் பதிந்திருக்கும்.

அப்புறம் தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். தாள் செய்த சல்லடையின் கம்பிக் கோடுகள் தெரிகின்றனவா? நல்ல சகுனம். கோடு விழாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது 1750-களில்தான். (அதற்காகக் கோட்டைப் பார்த்ததும் குதிக்க வேண்டாம். பிற்காலத்திலும் அந்த மாதிரித் தாள் செய்திருக்கிறார்கள்.) கப்பலும் சாட்சி சொல்லும். மூக்கு மாதிரி முன்னால் நீளும் மரத்தின் நுனியில் குட்டிப் பாய்மரம் ஒன்று நிமிர்ந்து நின்றால், அது 17-ம் நூற்றாண்டுப் பெரிய கப்பல்களின் அடையாளம்!

இனி, அந்த மூலை எழுத்து. 'ஃபெகிட்' என்று லத்தீனில் இருந்தால், பக்கத்திலிருப்பது படத்தைச் செய்தவர் பெயர். 'எக்ஸ்குடிட்' என்றிருந்தால் வெளியிட்டவர். இது புரியாமல், படம் விற்ற வியாபாரியை ஓவியர் என்று கொண்டாடியவர்கள் உண்டு!

எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள்... 'ஸேமன்'. ஆஹா, பெயர் கிடைத்துவிட்டதா? ஊஹும்! டச்சு மொழியில் 'ஸேமன்' என்றால் மாலுமி. அவ்வளவுதான். ஆசாமியின் நிஜப் பெயர் ரெய்னியர் நூம்ஸ். சுமார் 1623-ல் பிறந்தவர். வாழ்க்கை வரலாறு என்று எழுதினால் ஒரு பக்கம்கூடத் தேறாது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட எட்சிங்குகள்! எந்தக் கயிறு எங்கே முடியப்பட்டிருக்கும், அடிப்பக்கம் சீர்செய்யக் கப்பலை எப்படிச் சாய்ப்பார்கள் என்பதெல்லாம் அத்தனை துல்லியம். கப்பலிலேயே கிடந்தவன் கை அது என்று பார்த்ததுமே தோன்றும்.

ஆம்ஸ்டர்டாமில் அவருடைய படங்களை வெளியிட்டவர்களில் ஒருவர் கிளெமென்ட் டி யோங்க. சாதாரண வியாபாரி இல்லை. இவருடையது என்று சொல்லப்படும் முகத்தை 1651-ல் ரெம்ப்ராண்டே எட்சிங்காக வரைந்திருக்கிறார்!

சிக்கல் இங்கேதான். நூம்ஸ் 1664 வாக்கில் போய்விட்டார், தகடுகள் போகவில்லை. செப்புத் தகடு கைமாறும். வாங்கியவர் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டு மறுபடி அச்சடிப்பார். அச்சடிக்க அச்சடிக்கத் தகடு தேயும். முதலில் வந்த தாளில் கடலலை ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்; கடைசியில் வந்ததில் வானமே சோகை பிடித்தாற்போல் இருக்கும். இரண்டுமே 'அசல்'தான்... ஆனால் விலை? மலைக்கும் மடுவுக்கும்! உங்களுடையது எந்தக் கட்டம் என்று பார்க்கப் பட்டியல்கள் இருக்கின்றன. வியன்னாவின் ஆடம் பார்ட்ஷ் 1803-லிருந்து 1821 வரை உட்கார்ந்து 21 தொகுதிகள் போட்டார்!

ஒப்பிட்டுப் பார்த்தால், ஐயோ... உங்கள் படத்தின் கோடுகள் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை. காப்பி! தூக்கிப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். ஷார்ல் மெரியோன் என்று ஒரு பிரெஞ்சு கடற்படை அதிகாரி. நியூஸிலாந்து வரை போய் வந்தவர். ஓவியராக ஆசை. ஆனால் நிறக்குருடு! வண்ணம்தானே பிரச்னை, கறுப்பு வெள்ளை போதுமே என்று எட்சிங்குக்கு வந்தார். அவர் 1849, 50-களில் காப்பியடித்துத் தொழில் கற்றது யாருடைய படங்களை? நம்ம 'ஸேமன்' படங்களைத்தான். பாரிஸ் காட்சிகள், மீன்பிடி படகுகள், பயணிக் கப்பல்... நூம்ஸ் இறந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு மாலுமிக்கு இன்னொரு மாலுமி சிஷ்யன்! 1854-ல் குருவுக்கு ஒரு கவிதையே எழுதி, அதையும் தகட்டில் பொறித்தார். 1868-ல் ஷாரன்டன் மனநல விடுதியில் இறந்தார். இன்று அவர் செய்த காப்பிகளையும் மியூசியங்கள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

அதனால், ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்துவிடாதீர்கள். தகட்டின் தடமும் மூலை எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன!