அனிமேஷனில் அவதாரக் கதை: குட்டீஸோடு பார்க்கும்போது இதையும் பேசுங்க!

2025 ஜூலையில் தியேட்டர்களுக்கு வந்த ‘மகாவதார் நரசிம்மா’வை உங்க வீட்டுக் குட்டீஸும் பார்த்துட்டாங்களா? அஸ்வின் குமார் இயக்கிய அந்தப் படத்தின் போஸ்டரை நிறைப்பது சிங்க முகம். ஆனால், கதையைத் தாங்குவது பிரகலாதன் என்ற சின்னப் பையன்தான்.

கிளம்பு, போராடு, திரும்பு

வீட்டைவிட்டுக் கிளம்புவது, சோதனைகளைக் கடப்பது, புது மனிதராகத் திரும்புவது. உலகப் புராண நாயகர்களின் பயணத்தை இப்படி மூன்று கட்டமாகப் பிரித்து, 1949-ல் ஒரு புத்தகம் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் கேம்பெல். ‘தி லயன் கிங்’ (1994) சிம்பா, ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ (1998) மோசே இருவருக்கும் இது பொருந்தும். ஜப்பானியர் யூகோ சாகோ முயற்சியில் உருவாகி, 2025 ஜனவரியில் நம்மூரில் மறுபடி ரிலீஸான அனிமேஷன் ராமாயணமும் இதே பாதைதான்: அயோத்தி, காடு, இலங்கை, மீண்டும் அயோத்தி.

வீட்டுக்குள்ளேயே சோதனை

பிரகலாதன் எங்கேயும் கிளம்பவில்லை. அவனைச் சோதிப்பது பெற்ற அப்பாவே. விஷம், யானை, நெருப்பு என எது வந்தாலும் அவன் ஆயுதம் எடுக்கவில்லை. நம்பிக்கையை விடவும் இல்லை. பாகவதத்தில், எல்லாம் முடிந்தபின் அவன் கேட்கும் வரங்களில் ஒன்று, ‘என் அப்பாவின் பாவம் தீரணும்’ என்பது. நகமும் ரத்தமும் மட்டுமே பிள்ளைகள் மனதில் தங்கிவிட்டால், இது காணாமல் போய்விடும். பழிவாங்கும் கதையாகவே அவர்களுக்குத் தெரியும்.

நம்ம அழகர் போற பாதை

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பயணம் புதுசா என்ன? சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து சுமார் 20 கி.மீ. கிளம்பி வந்து, வைகையில் இறங்கி, மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தந்து, மலைக்கே திரும்புகிறார் கள்ளழகர். ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன், மோகினி என்று கோலம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

அடுத்த ஞாயிறு...

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை பக்கம் ஆனைமலை அடிவாரத்தில் நரசிங்கம் கோயில் இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி, கி.பி. 770-ல் குடைவித்த குகைக்கோயில். இங்கே இருப்பவர் யோக நரசிம்மர். படத்தில் சீறியவர், இங்கே யோகத்தில் அமர்ந்திருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிப் போய், “கோபம் எப்படிப்பா அடங்கியிருக்கும்?” என்று கேட்டுப் பாருங்க. பதிலை நீங்க சொல்லாதீங்க, அவங்களே சொல்லட்டும்!