ஸ்பானிய மொழியில் திரும்பு நடைச் சொற்கள்

ஸ்பானிய மொழியில் லாரி சரக்கேற்றிப் போகும் நடை 'இதா'. திரும்பும் நடை 'வுவெல்தா'. அமெரிக்க லாரித் தொழிலின் 'பேக்ஹால்' என்பதை 'வுவெல்தா' என்று மட்டும் பெயர்த்தால் பொருள் குறைபடும். அது திரும்பும்போது கிடைக்கும் சரக்கையும் சேர்த்தே குறிப்பது. நம் ஓட்டுநர்களின் 'ரிட்டர்ன் லோடு' போல, 'கார்கா தே ரெதோர்னோ' என்பதே பொருந்தும். காலியாக வந்தால் 'என் வசியோ'. டீசல் செலவு வண்டி உரிமையாளர் தலையில் விழும்.

திரும்பும் பயணத்துக்குக் கப்பல் காலத்திலேயே தனிச்சொல் உண்டு: 'தோர்னாவியாஹே'. மெக்சிகோவிலிருந்து பசிபிக் கடந்து ஆசியா சென்ற ஸ்பானியக் கப்பல்கள் திரும்ப முயன்றபோதெல்லாம் எதிர்க்காற்றில் தோற்றன. 1565இல் பாதிரியார் உர்தனேத்தா வழிகாட்டிய கப்பல் பிலிப்பைன்சிலிருந்து வடக்கே ஏறி, மேல்காற்றைப் பிடித்து அகபுல்கோ சேர்ந்தது. அதன்பின் 1815 வரை நடந்த வணிகத்தில் போகும்போது வெள்ளி, வரும்போது பட்டு. அங்கே திரும்பு சரக்குதான் முதன்மைச் சரக்கு.