தீட்டுப்படாத பசை

செத்த மாட்டைத் தூக்கினால் தீட்டு. தோலை உரித்தால் தீட்டு. ஆனால் அந்தத் தோலின் கழிவைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தால் ஒட்டிய நாற்காலியில் உட்கார எந்தச் சாதிக்காரரும் தயங்கியதில்லை. தோழர்களே, பசையின் வரலாற்றை நாம் இங்கிருந்துதான் படிக்க வேண்டும். வேதியியல் பாடப்புத்தகம் இங்கிருந்து தொடங்காது.

தோல் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, கழுவி, மணிக்கணக்கில் காய்ச்சினால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து கூழாகும். காயவைத்தால் வஜ்ஜிரம். ஜப்பானில் இதன் பெயர் நிகாவா. அங்கே தோல் வேலையோடு இதையும் செய்துவந்தவர்கள், நம்மைப் போலவே பிறப்பால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்கள். ஜப்பானியரின் கறுப்பு மை, புகைக்கரியை நிகாவாவில் குழைத்துச் செய்வது. உயிர்க்கொலை பாவம் என்ற பௌத்த சூத்திரங்களையும் அந்த மையில்தான் பக்தியோடு படியெடுத்தார்கள்! கையை ஒதுக்கினார்கள், பசையை ஒதுக்கவில்லை.

1871-இல் புராக்கு மக்களின் இழிநிலையை அரசாணை ஒழித்தது, காகிதத்தில்.

வஜ்ஜிரம் ஈரம் பட்டால் இளகிவிடும், செருப்புக்கு ஆகாது. அதற்கு வந்தது ரப்பர் பசை. நம் பட்டறைகளில் சொல்யூஷன் என்கிறோமே, அந்த வகை. ரப்பரைக் கரைக்க ஜப்பானில் பென்சீன் சேர்த்தார்கள். சீக்கிரம் காயும், விலையும் மலிவு. 1950களில் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பெயரில் ஒரு சாண்டல் அங்கே சக்கைப்போடு போட்டது. ஒசாகாவின் நெருக்கடியான வீடுகளில், குடியேறிய கொரியர்கள் உட்படப் பலர், சமைத்துத் தூங்கும் அறையிலேயே உட்கார்ந்து அதை ஒட்டினார்கள். பென்சீன் ஆவி எலும்பு மஜ்ஜையை அரிக்கும், இரத்தம் ஊறாது. சாவுகள் விழுந்த பிறகு, 1959-இல் அரசு பென்சீன் கலந்த ரப்பர் பசைக்குத் தடை போட்டது. (அதே 1959-இல்தான் இந்தியாவில் ஃபெவிகால் வந்து, தச்சுப் பட்டறையில் வஜ்ஜிரச் சட்டியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது.)

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பென்சீன் போன இடத்தில் ஹெக்சேன் வந்தது. 1960களில் மிக்காபி என்ற ஊரில் சாண்டல் ஒட்டியவர்களுக்குக் கால் மரத்தது, பிறகு கையும். உடலுக்குள் போன ஹெக்சேன் வேறொரு பொருளாக மாறி நரம்பைக் கெடுக்கிறது. மருத்துவர்கள் பதிவுசெய்த நோயாளிகள் மட்டும் 93 பேர். டப்பாவில் மாறியது கரைப்பான் மட்டும். அடைத்த அறையும் ஜோடிக் கணக்குக் கூலியும் அப்படியே இருந்தன.

இன்று தண்ணீரில் கரைந்த பசைகள் கிடைக்கின்றன. காயத்தான் கூடுதல் நேரமாகும். ஆம்பூரிலோ ஆக்ராவிலோ ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் அக்காவுக்கு, அந்த நேரத்துக்கான காசை யார் கொடுப்பது?