மதிலை இழந்த கோட்டையும் மலைமேல் ஒரு பூங்காவும்

கொழும்பில் 'கோட்டை' என்றோர் இடம் உண்டு, கோட்டைதான் இல்லை. புகையிரத நிலையத்துக்கு அப்பெயர், கடைத்தெருவுக்கும் அப்பெயர். மதில் எங்கே என்று கேட்கும் வெளிநாட்டு நண்பர்களிடம், "மலைநாட்டுக் கோப்பி தின்றுவிட்டது" என்பேன். பாதி உண்மைதான், ஆனால் முக்கியமான பாதி.

போர்த்துக்கேயர் எழுப்பி, 1656இல் ஒல்லாந்தரிடமும் 1796இல் ஆங்கிலேயரிடமும் கைமாறிய கடற்கரைக் கோட்டை அது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் உள்நாட்டுப் பகை ஓய்ந்தது. மலைச்சரிவுகளில் கோப்பி பெருகிற்று. 1867இல் கண்டிக்கு இரயில் ஓடியது. மூட்டைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் இடம் வேண்டியிருந்தது; பீரங்கி மேடைகளுக்கு வேலை இருக்கவில்லை. ஆளுநர் ஹெர்கியூலிஸ் ரொபின்சன் காலத்தில், 1869 முதல் 1871 வரை மதில்கள் இடிக்கப்பட்டன.

விதியின் குறும்பைப் பாருங்கள்! எந்தக் கோப்பியின் செழிப்பால் மதில் விழுந்ததோ, அந்தக் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டதும் அதே 1869இல்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

கோட்டைக்குள் ஒல்லாந்தர் தேவாலயம் இருந்த நிலம் வெறுமையாய்க் கிடந்தது. அங்கு அடக்கமாகியிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இலேயே வுல்பெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விக்டோரியா மகாராணியின் ஐம்பதாண்டு ஆட்சி நினைவாக ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்நிலத்தில் பூந்தோட்டம் அமைத்தார். 'கோர்டன் தோட்டம்' என அவர் பெயரே நிலைத்தது. பொதுமக்கள் உலவிய அவ்விடம் பிற்காலத்தில் ஜனாதிபதி மாளிகை வளாகத்தோடு சேர்ந்துவிட்டது.

ராணியின் அறுபதாண்டு நிறைவு 1897இல் வந்தபோது, விழாவின் நினைவு மலையேறியது. நுவரெலியாவில், ஹக்கலைத் தாவரவியல் பூங்காவின் சோதனை நிலமாக இருந்த பகுதி விக்டோரியா பூங்காவாயிற்று. ஹக்கலையின் தொடக்கமும் அழகுக்காக அன்று. 1861இல் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கவே அது உருவானது. ஆறாயிரம் அடி உயரத்தில் துரைமார் தங்களுக்கென ஓர் இங்கிலாந்தைச் செய்துகொண்ட ஊர் நுவரெலியா. குதிரைப் பந்தயத் திடலும் ரோஜாப் பாத்தியும் அந்த ஏற்பாட்டின் உறுப்புகள்.

இவ்விரு தோட்டங்களையும் இணைக்கும் கயிறு எது? மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். எஞ்சியோர் காடு வெட்டினர், கோப்பி நட்டனர், பின்பு தேயிலை கிள்ளினர். இரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின் அவர்கள் பறித்த கொழுந்து தேயிலைப் பெட்டிகளாய் விரைந்து கீழிறங்கியது. அவர்களோ லயத்து அறைகளிலேயே இருந்தார்கள்.

விக்டோரியா பூங்காவுக்குப் பறவை பார்ப்போர் இன்று உலகெங்குமிருந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து, பருவம் மாறியதும் திரும்பிப்போகும் ஆறுமணிக்குருவியை அங்கே காணலாம். அதனிடம் எவரும் பத்திரம் கேட்பதில்லை.

மனிதரிடம் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்து, 1974இல் அதையும் சரிபாதியாய் வகுத்தார்கள். கோப்பி மூட்டைகளைக்கூட இவ்வளவு எளிதாகப் பங்கிட்டிருக்க மாட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே தண்டவாளத்தில் குடும்பங்கள் இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் சென்றன. அவர்களுள் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே கிள்ளினார்கள்.